என் வீட்டுக்காரியை நான் படிக்கவைத்தது

உக்காருங்க அண்ணாச்சி. சன்னல் பக்கம் உள்ள போயிருங்க. எனக்கு எடது கால்ல பிளேட்டு வச்சிருக்காவ, மடக்கி உக்கார முடியாது. இந்த ஓரம்னா நீட்டிக்கிடலாம். நீங்க எதுவரைக்கும்? நான் யூனிவர்சிட்டி ஸ்டாப். பாலத்துல வேலை நடக்கு, எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும்.

நீங்க கேக்கதுக்கு முந்தியே சொல்லிருதேன், நான் புரொபசர் இல்ல. நெத்தித் திருநீறைப் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. மின்வாரியத்துல முப்பத்திமூணு வருஷம். லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனேன். பேரு ஆறுமுகநயினார். எங்க தெருக் கோயில்ல பதிக முற்றோதல் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இருபத்திரெண்டு வருஷமா நான்தான் செயலாளர். அதனால முகத்துல ஒரு களை இருக்கும்போல, எனக்குத் தெரியல.

யூனிவர்சிட்டியில படிச்சது என் வீட்டுக்காரி. எம்.ஏ. சமயவியல். அம்பத்திமூணு வயசுல சேந்தா. நான்தான் படிக்க வச்சேன்.

எப்படீன்னு கேக்கியளா? சொல்லுதேன். சும்மாதான இருக்கோம்.

அவ பேரு உலகம்மை. கல்யாணம் ஆகி வரும்போது காலேஜ் ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டிருந்தா. பொறவு எங்க மக பள்ளிக்கூடம் போன காலத்துல, தபால் வழியா பி.ஏ. வரலாறு முடிச்சா. குக்கர் விசில் அடிக்கிற இடைவெளியில படிச்சே முடிச்சுட்டா. அதையும் நான் தடுக்கல. தடுக்கக்கூடிய ஆள் இல்ல நான்.

எங்க முற்றோதல் மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை நடக்கும். ஆம்பளைக பதினாலு பேரு பாடுவோம். கேக்கதுக்கு ஒரு இருபத்தஞ்சு பேரு வரும். சுண்டலு, சர்க்கரைப் பொங்கல், காப்பி எல்லாம் எங்க வீட்டுலேருந்துதான். உலகு ஒத்த ஆளா நாப்பது பேருக்குச் செஞ்சுருவா. அவளுக்கும் பக்திதான், அடுக்களையில இருந்தே கேட்டுக்கிடுவா. எங்க வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே செவருதான பாத்துக்கிடுங்க, நல்லாவே கேக்கும்.

ஒருநா எல்லாரும் போன பொறவு, பெரிய உருளியைக் கழுவிக்கிட்டே கேட்டா. "அந்த மூணாவது பாட்டுல பசு பசுன்னு வருதே, அது மாட்டைச் சொல்லலியே, உயிரைத்தான சொல்லுது? அது கட்டுப்பட்டுக் கெடக்குன்னா, கட்டுனது யாரு?"

நான் சொன்னேன், பாடுனாப் போதும் உலகு, பலன் தானா வந்துரும், இன்னைக்குப் பொங்கல்ல ஏலக்காதான் கொஞ்சம் கொறைச்சல்னு.

நல்ல பதில்தான அண்ணாச்சி? இன்னைக்கு யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு அப்ளிகேஷனைக் கொண்டாந்து மேசையில வச்சா. எம்.ஏ. சமயவியல், ரெண்டு வருஷம். எல்லா மதத்தையும் படிக்கணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வீட்டுலயே ஒரு ஆள் பத்தொம்பது வருஷமாப் பாடிக்கிட்டு இருக்கும்போது, பஸ் ஏறிப்போய் என்னத்தப் படிக்கப் போறேன்னு கேட்டேன். தமாஷுக்குத்தான். பொறவு இன்னொண்ணும் சொன்னேன். "படி, படி. ஆனா பீசுக்கு மட்டும் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது, ஆமா." அதுவும் தமாஷுதான். அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.

அதுக்குப் பொறவு அவ பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நானும் அதை ஒரு விஷயமா எடுத்துக்கல.

ஒரு மடத்துல அறக்கட்டளை வச்சு, சமயம் படிக்கிறவங்களுக்கு உதவித்தொகை குடுக்காவ. அதுக்கு எழுதிப் போட்டிருக்கா. நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துச்சு. பொம்பளைய தனியா அனுப்ப முடியுமா? நானும் போனேன். வேட்டி, மேல்துண்டு, நெத்தி நெறையத் திருநீறு. உள்ள போனதும் காரியஸ்தர் எந்திரிச்சு நின்னு என்னைப் பாத்துக் கும்பிட்டு, நீங்கதான் படிக்கப் போறவியளான்னு கேட்டாரு. அவரு மேல தப்பில்ல. பாத்தா அப்படித்தான் தெரியும்.

நான் இல்லன்னு சொல்லதுக்குள்ள அவரு கேள்வியைப் போட்டுட்டாரு. பதி, பசு, பாசம் மூணுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லுங்கன்னு. நான் கண்ணை மூடிக்கிட்டு, அந்த மூணும் வாரமாதிரி ஒரு பதிகத்தை முழுசாப் பாடிட்டேன். பதினோரு பாட்டு. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாவ. முடிச்ச பொறவு காரியஸ்தர், ரொம்ப நல்லாருக்கு, இப்பத் தொடர்பைச் சொல்லுங்கன்னாரு.

அன்னைக்குப் பாத்து எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. பதினோரு பாட்டு பாடுனா கட்டாதா?

உலகு மெதுவாச் சொன்னா. "அய்யா, படிக்கப்போறது நான். நான் சொல்லலாமா?" சொன்னா அண்ணாச்சி. கால் மணி நேரம் சொன்னா. மாடு, கயிறு, கட்டுத்தறின்னு ஆரம்பிச்சு, கட்டு தெரியாமலே கட்டுப்பட்டுக் கெடக்கது எப்படீன்னு ஒரு விளக்கம் குடுத்தா பாருங்க, காரியஸ்தர் பேனாவைக் கீழ வச்சுட்டாரு. உதாரணம் எல்லாம் வீட்டுலேருந்தே எடுத்துச் சொன்னா. எனக்கே சில எடம் எங்கயோ நடந்தமாதிரி இருந்துச்சு.

பாதிக் கட்டணம் மடத்துலேருந்து கெடைச்சுட்டு. நான் பாடுனது நல்ல சகுனம்னு அவகிட்ட சொன்னேன். ஆமான்னா.

மீதிக்கு யூனிவர்சிட்டியிலேயே வேலை குடுக்காவ. படிக்கிற பிள்ளைகளே பகுதிநேரமா வேலை பாத்து கட்டணத்துல கழிச்சுக்கிடலாம். மொதல்ல நூலகத்துல போட்டாவ. பழைய புத்தகத்துக்கு முதுகு ஒட்டணும், எண் எழுதணும். வீட்டுக்கு வந்தா விரல் எல்லாம் பசையா இருக்கும், சோறு பெசையும்போது ஒட்டும். பொறவு பெண்கள் விடுதியில மெஸ் சூப்பர்வைசருக்கு ஆள் தேவைன்னு கேட்டிருக்காவ. முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இவ போய் ஒரு வாரத்துல அந்த மெஸ்ஸையே நிமித்திட்டா. எப்படி? எங்க முற்றோதலுக்கு நாப்பது பேருக்கு வடிச்சுக் கொட்டிப் பழகினவ இல்லையா. அந்தப் பயிற்சி யார்கிட்ட கெடைச்சதுன்னு யோசிச்சுப் பாத்தா, நான் சொல்லக்கூடாது.

காலம்பற மொத பஸ்ஸுக்குப் போயிருவா. மெஸ் வேலை, பொறவு வகுப்பு, சாயங்காலம் நூலகம். எனக்கு ஃபிளாஸ்க்ல காப்பி. ஃபிளாஸ்க் காப்பி குடிச்சிருக்கியளா? தகர டப்பாவை நக்குனமாதிரி இருக்கும். ஒரு மாசம் பொறுத்தேன். பொறவு நானே போடப் படிச்சேன். ரசம் வைக்கப் படிச்சேன். சத்தம் போடாமப் படிச்சேன், யாருக்கும் தெரியாது, நீங்க வெளிய சொல்லிராதிய.

முற்றோதலுக்குத்தான் திண்டாட்டம். ஞாயித்துக்கிழமையும் விடுதியில பிள்ளைக சாப்பிடணும்லா. மொத மாசம் நாங்க ஆம்பளைகளே சேந்து சுண்டல் செஞ்சோம். ஊறப்போட மறந்துட்டோம். பதினாலு பேரும் கடலையை மென்ன சத்தத்துல அன்னைக்குப் பேச்சே கேக்கல.

படிப்பு ஆரம்பிச்ச பொறவு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பிச்சாவ. சிஸ்டர் அமலோற்பவம்னு ஒரு கன்னியாஸ்திரி, உலகு வகுப்புதான், தூத்துக்குடிப் பக்கம். மேலப்பாளையத்துலேருந்து ரஹ்மத்துன்னு ஒரு சின்னப் பிள்ளை. மூணு பேரும் எங்க கூடத்துல பாயை விரிச்சு உக்காந்து படிப்பாவ. நான் சும்மா இருப்பனா? மூணு மதமும் கூடியிருக்க எடத்துல ஒரு பெரியமனுஷன் பேசாம இருந்தா நல்லாருக்காது. திருநீறு ஏன் மூணு கோடு, வடக்கே தலைவச்சு ஏன் படுக்கக்கூடாது, தீட்டுன்னா என்ன, எல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்த சிஸ்டர் அம்மா ஒரு வார்த்தை விடாம நோட்டுல எழுதிக்கிட்டாவ. நாலு வாரம் எழுதினாவ. இப்படிக் கேக்க ஆள் இருந்தா நானே ஒரு பல்கலைக்கழகம் நடத்துவேன்னு உலகுகிட்ட சொன்னேன்.

பொறவுதான் தெரியும், அது அவங்களுக்குக் களப்பணியாம். நகரத்து ஆண்களின் சடங்கு நம்பிக்கைகள்னு ஒரு கட்டுரை. அச்சுல வந்துச்சு, கொண்டாந்து குடுத்தாவ. நான் சொன்னது எல்லாம் இருக்கு. "தகவலாளர் மூன்று, வயது அறுபது, ஓய்வுபெற்றவர், மிகுந்த உறுதியுடன் கூறினார்." மிகுந்த உறுதியுடன்! ஒண்ணு, ரெண்டு யாருன்னு தெரியல. இருந்தாலும் அவங்களுக்கு உறுதியுடன்னு போடல, பாத்துட்டேன்.

இப்படி ஒண்ணரை வருஷம் நல்லாத்தான் போச்சு.

ரெண்டாம் வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கோயில்ல சீரியல் பல்பு போட்டோம். ஒரு லைன் இன்ஸ்பெக்டர் கீழ நின்னு கையைக் காட்டிச் சொல்லணும், மேல ஏறக்கூடாது. ஆனா அந்தப் பையனுகளுக்கு முடிச்சு போடத் தெரியல. நான் ஏறினேன். ஏணி நல்லாத்தான் நின்னுச்சு. நான்தான் நிக்கல.

முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிட்டு. ஆஸ்பத்திரியில பத்து நாள், வீட்டுல கட்டில்ல ஒரு மாசத்துக்கு மேல. உலகு வகுப்புக்குப் போகல. போ, போன்னு நான் தெனமும் சொல்லுவேன் அண்ணாச்சி. போகாதேன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. அவ பையைத் தோள்ல மாட்டும்போது எனக்கு வென்னி வேண்டியிருக்கும், இல்லன்னா தலையணை நழுவியிருக்கும். அது அப்படி அமைஞ்சு போச்சு, என்ன செய்ய. மகள் கோயம்புத்தூர்லேருந்து ஒரு வாரம் வந்து இருந்தா. அப்பா, நான் பாத்துக்கிடுதேன், அம்மா போகட்டும்னா. ஆனா மகளுக்கு எந்தத் தலையணை எந்தப் பக்கம்னு தெரியலியே.

நான் கம்பு ஊனி நடக்க ஆரம்பிச்சப்ப சிஸ்டர் அமலோற்பவம் பாக்க வந்தாவ. ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தாவ. உலகு அடுக்களையில இருந்தா. சிஸ்டர் மெதுவாக் கேட்டாவ. "ஐயா, அம்மா படிப்பை நிறுத்தப் போறாங்களே, நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

எனக்கு விளங்கல. எந்தப் படிப்பைன்னு கேட்டேன்.

பொறவு எல்லாம் சொன்னாவ. வருகைப் பதிவு கொறைஞ்சு போச்சு. பரீட்சைக்கு அபராதம் கட்டி உக்காரவிட்டுட்டாவ. ஆனா மடத்து உதவித்தொகைக்கு முக்கால்வாசி நாளாவது வந்திருக்கணும்னு விதி. அது நின்னு போச்சு. கடைசி அரையாண்டுக்குப் பிப்ரவரி முடியிறதுக்குள்ள கட்டணும். மெஸ் வேலையும் நூலக வேலையும் பாத்து வாரது அதுல பாதிக்குத்தான் காணும். உலகு நிறுத்திக்கிடுதேன்னு கடிதம் எழுதிக் கையில வச்சிருக்கா, குடுக்கல. இவ்வளவும் எங்க வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கு. நான் கட்டில்ல படுத்து வென்னி கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

சிஸ்டர் போன பொறவு அவளைக் கூப்பிட்டேன். நான் கட்டுதேன்னு சொன்னேன். எனக்குப் பென்ஷன் வருது, பேங்க்ல கெடக்கு, ஒரு கையெழுத்துதான.

அவ ஆரஞ்சுத் தோலை எல்லாம் எடுத்து ஒரு தட்டுல சேத்தா. பொறவு சொன்னா.

"கேக்கக்கூடாதுன்னிய. நான் கேக்கல. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒண்ணரை வருஷம் பஸ் ஏறிருக்கேன். இப்ப நீங்க கட்டினியன்னா, நாளைக்கு என்னை நீங்கதான் படிக்க வச்சதா ஊரெல்லாம் சொல்லுவிய."

நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆளா அண்ணாச்சி? முன்னப்பின்ன தெரியாதவங்க, நீங்களே சொல்லுங்க.

அது தமாஷுக்குச் சொன்னதுன்னேன். தெரியும்னா. தமாஷுன்னு தெரிஞ்சுதான் சிரிச்சேன்னா. எனக்கு அன்னைக்கு ரசம் எறங்கல. நான் வச்ச ரசந்தான்.

மறுநா அவகிட்டச் சொல்லாம மடத்துக்குப் போனேன். கம்பை ஊனிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி. காரியஸ்தர் என்னை மறக்கல, பாட்டு பாடினவரான்னு கேட்டாரு. விஷயத்தைச் சொன்னேன். விழுந்தது என் கால், போனது அவ படிப்பு, இது நியாயமான்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, விதியை ஒருத்தருக்காக மாத்தினா மத்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லன்னாரு. சரிதான. பொறவு, உங்களுக்குப் பென்ஷன் வருமே, நீங்களே கட்டலாமேன்னு கேட்டாரு.

நான் கம்பை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன்.

அங்கேருந்து நேரா யூனிவர்சிட்டிக்கு வந்தேன். கடைசித் தேதியை ஒரு பத்து நாள் தள்ளிவைக்க முடியுமான்னு ஆபீஸ்ல கேக்கலாம்னு. பெண்கள் விடுதியைத் தாண்டித்தான் போகணும். வாசல்ல ஒரே கூட்டம். பிள்ளைக எல்லாம் வாளியை வச்சுக்கிட்டு நிக்கி. வார்டன் கிளாடிஸ் அம்மா போன்ல யாரையோ வறுத்து எடுத்துக்கிட்டு இருக்காவ. காலையிலேருந்து மோட்டார் ஓடலயாம். மோட்டார் பாத்துக்கிட்ட ஆள் போன வாரம் துபாய் போயிட்டானாம். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம்.

முப்பத்திமூணு வருஷம் அண்ணாச்சி. கரண்டு சம்பந்தமா ஒருத்தர் கஷ்டப்படும்போது பாத்துக்கிட்டுப் போக முடியல. நான் பாக்கட்டுமான்னேன். கம்போட நிக்க ஆளை மேலயும் கீழயும் பாத்தாவ. மோட்டார் ரூம்ல போய் ஸ்டார்ட்டரைத் தெறந்தா, உள்ள தொடுமுனை கருகிக் கெடக்கு. மெயினை அணைச்சுட்டு, உப்புத்தாள் ஒரு துண்டு வாங்கிச் சொறண்டிச் சுத்தம் பண்ணி, திருகை இறுக்கி, பச்சை பட்டனை அமுக்கினேன். கெளம்பிட்டு. மேல்தொட்டியில தண்ணி விழுந்த சத்தம் கேட்டதும் பிள்ளைக கையைத் தட்டினாவ. முற்றோதல்ல பாடும்போது எனக்கு ஒருத்தரும் கையைத் தட்டினதில்ல. அங்க தட்டக்கூடாது, அது வேற.

நீங்க யாருன்னு வார்டன் அம்மா கேட்டாவ. செயலாளர்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வந்தது வேற. "மெஸ் பாத்துக்கிடுதாளே உலகம்மை, அவ வீட்டுக்காரர்."

அப்படியான்னு அந்த அம்மா முகமே மாறிட்டு. உலகம்மை அக்கா வீட்டுக்காரரான்னு உள்ள கூட்டிட்டுப் போய்க் காப்பி குடுத்தாவ. நல்ல காப்பி, ஃபிளாஸ்க் இல்ல. பேச்சோட பேச்சா, தற்காலிகமா மோட்டார் பாத்துக்கிட ஒரு ஆள் கெடைச்சா போதும், காலையில ஒரு தடவை, மூணரைக்கு ஒரு தடவை, உக்காந்த எடத்து வேலைதான்னு சொன்னாவ. சம்பளம் கொறைச்சல்தானாம். ஆனா இங்க வேலை பாக்கவங்க வீட்டு ஆள் யாராவது படிச்சா, பாதிக் கட்டணம் தள்ளுபடி. தற்காலிக ஆளுக்கும் உண்டாம்.

யோசிக்கணும்னு சொன்னேன். யோசிச்சேன். அந்தக் காப்பி முடியிறதுவரைக்கும்.

வீட்டுல சொல்லல. டாக்டர் என்னை நடக்கச் சொல்லிருந்தாரு பாத்துக்கிடுங்க. வீட்டைச் சுத்தி நடந்தா என்ன, விடுதியைச் சுத்தி நடந்தா என்ன. முக்கியமா அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்.

மொத நாள் காக்கிச் சட்டை குடுத்தாவ. மின்வாரியத்துல இன்ஸ்பெக்டர் ஆன அன்னைக்குக் கழட்டுன நெறம். போட்டுக்கிட்டு மோட்டார் ரூம்ல ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். ஒரு பத்து மணி இருக்கும். மெஸ் குழாயில வேகம் இல்லன்னு சொல்லிக்கிட்டே உள்ள வாரா உலகு. கையில கரண்டி. என்னைப் பாத்தா. சட்டையைப் பாத்தா. மோட்டாரைப் பாத்தா.

"இது என்ன கோலம்?"

"டாக்டர் நடக்கச் சொல்லிருக்காருல்லா."

"ஸ்டூல்ல உக்காந்தா?"

நான் சொன்னேன், பாதிக் கட்டணம் தள்ளுபடியாம், ஊழியர் வீட்டு ஆளுக்கு. மீதிப் பாதிக்கு உன் சம்பளம் காணும். பொறவு இதையும் சொன்னேன். "நான் பணம் குடுக்கல பாத்துக்க. ஒரு பைசா குடுக்கல."

அவ கரண்டியைக் கை மாத்திக்கிட்டா. பொறவு, "ஊழியர் ரிஜிஸ்டர் என் மேசையிலதான் இருக்கு. வந்தவுடனே கையெழுத்துப் போடணும். லேட்டானா செவப்பு மையில கோடு போட்டுருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. வாசல் தாண்டும்போது முந்தியால கண்ணைத் தொடைச்சா. மெஸ்ல வெங்காயம் உரிக்கிற நேரம் அது.

அந்த அரையாண்டுல எனக்கு ஏழு செவப்புக் கோடு. ஏழும் பஸ்ஸு லேட்டு. சொன்னாக் கேக்க மாட்டேன்னுட்டா. வீட்டுல சோறு போடுதவ, அங்க வந்தா என்னை நயினாருன்னு பேரு சொல்லிக் கூப்பிடுதா. மத்த ஊழியர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் காட்டக்கூடாதாம்.

கெடுவுக்குள்ள கட்டணம் கட்டியாச்சு. அவ எழுதி வச்சிருந்த அந்தக் கடிதத்தை என்ன செஞ்சான்னு நான் கேக்கல.

கடைசி அரையாண்டுல ஒரு ஆய்வேடு எழுதணும். எங்க முற்றோதல் குழுவைப் பத்தியே எழுதினா. "பாடுபவர்களும் சமைப்பவர்களும்"னு தலைப்பு. நூத்திருபது பக்கம். நான் முழுசாப் படிச்சேன். எங்க குழுவைப் பத்தி ஒரு குறை எழுதல அண்ணாச்சி, என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதிருக்கா. குழுவுல மத்தவங்க படிச்சுட்டு ரெண்டு மாசமா வாயே தொறக்கல. பொறவு, அடுத்த முற்றோதலுக்கு உலகம்மை வந்து முன்னால உக்காந்து பொருள் சொல்லட்டுமேன்னு பெரியவர் ஒருத்தரு எந்திரிச்சுச் சொன்னாரு. செயலாளருங்கிற முறையில நான் அதைத் தீர்மானமா எழுதினேன். ஏகமனதா நிறைவேறுச்சு. சுண்டல் இப்ப கடையில சொல்லிருதோம்.

முதல் வகுப்புல தேறிட்டா. இப்ப ஆராய்ச்சிப் படிப்புல இருக்கா. அதுக்கு மாசாமாசம் உதவித்தொகை வருது, கட்டணத்துக்குக் கஷ்டம் இல்ல. மெஸ்ஸையும் ரிஜிஸ்டரையும் மட்டும் அவ இன்னும் விடல. நீங்க வேலையை விட்டுருங்கன்னா. எங்க விட? வார்டன் அம்மா விடமாட்டேங்காவ. நானும் கேட்டுப் பாக்கல.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்லுதேன். ஆய்வேட்டுல மொதப் பக்கத்துல நன்றின்னு எழுதுவாவல்லா. மடத்துக்கு நன்றி. துறைத் தலைவருக்கு நன்றி. சிஸ்டர் அமலோற்பவத்துக்கு, ரஹ்மத்துக்கு, வார்டன் அம்மாவுக்கு, மெஸ்ல காய் நறுக்குத நாலு பொம்பளைகளுக்குப் பேர் பேரா. எல்லாரும் என் கணவருக்குன்னு ஒரு வரி எழுதுவாவல்லா, அதைத் தேடுதேன், தேடுதேன், காணல. கடைசியில ஒரு வரி. "விடுதியின் மேல்தொட்டியில் நாள் தவறாமல் நீர் ஏற்றிய பம்ப் ஆபரேட்டர் திரு. ஆறுமுகநயினாருக்கு."

அவ்வளவுதான். யாரோ ஒரு ஆபரேட்டர் மாதிரி.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல வரும்போது கேட்டேன். இதே பஸ்ஸுதான். ஏட்டி, முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்திருக்கோம், கணவர்னு ஒரு வார்த்தை போட்டா மை தீந்துருமான்னு. அவ சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னா. "கணவருக்கு நன்றின்னு எல்லாரும் போடுதாவ. எதுக்குன்னு யாரும் போடல. நீங்க செஞ்சதை நான் போட்டிருக்கேன்."

ரெண்டு நாளு பேசல அவகிட்ட. மூணாம் நாள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மோட்டார் ரூம்ல ஸ்விட்சு போர்டுக்கு மேல ஒட்டினேன். மின்சாரப் பெட்டி பக்கத்துல காகிதம் ஒட்டக்கூடாது, விதி இருக்கு. நானே எத்தனை ஆபீஸ்ல கிழிச்சுப் போட்டிருக்கேன். வார்டன் அம்மாவும் பாத்தாவ, படிச்சாவ, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவ.

ஸ்டாப் வந்துட்டு. வரட்டா அண்ணாச்சி, நான் எறங்குதேன். ரிஜிஸ்டரை மூடிருவா.